நாளைக்குக் கூப்பிடுங்க

என் வர்க்கி ரொட்டிக் கடைக்கு டெலிபோன் வந்த நாளோடு என் நிம்மதி போயிற்று. ஊட்டி மார்க்கெட்டில் எங்கள் சந்துக்கே அது ஒன்றுதான். ஊரார் வீட்டுச் சாவு, கல்யாணம், பரீட்சை ரிசல்ட் எல்லாம் என் கல்லாப் பக்கத்தில்தான் வந்து விழும். நானும் வள்ளென்று விழுவேன். ஆனால் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

நஜ்முன்னிசாவிடம் மட்டும் குரல் உயர்த்த மனசு வராது. அவள் புருஷன் ஹபீப் முகமது பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருந்தவன். சவுதிக்குப் போகும்போது அவள் மாசமாக இருந்தாள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. மகள் பரக்கத்தை அவன் போட்டோவில் பார்த்ததோடு சரி.

எண்பத்தேழில் நோன்பு பாதி முடிந்திருந்தபோது அவனிடமிருந்து கடிதம் வந்தது. நஜ்முன்னிசா கடைக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டினாள். பெருநாளுக்கு ஒரே ஒரு நாள் லீவு. அன்று கேம்பிலிருந்து டவுனுக்குப் போய், நம்ம ஊர் மணி பதினொன்றுக்குத் தேவநேசண்ணன் கடைக்குப் பேசுகிறேன். பிள்ளை குரலைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தான். தேவநேசண்ணன் நான்தான்.

"வரட்டுங்ளாண்ணா?"

"இதென்ன கேள்வி? வா" என்றேன்.

அன்றிலிருந்து பிள்ளைக்குப் பாடம் நடந்தது. கடைக்கு வந்தால் நான் கொடுக்கும் வர்க்கியை பரக்கத் முதலில் காதில் வைத்துக்கொள்ளும். "அத்தா, நல்லாருக்கீங்ளா? எப்ப வருவீங்க?" என்று கேட்கும். அப்புறம்தான் தின்னும். எனக்குச் சிரித்து மாளாது.

அது மே மாதக் கடைசி, சீசன். வியாழக்கிழமை வாசல் முழுக்க டூரிஸ்ட் கூட்டம். பதினொன்றுக்கு போன் அடித்தது.

"அண்ணா, ஹபீப் பேசறனுங்க. ஊட்டுல வந்திருக்காங்ளா?"

எனக்கு எரிச்சல். முந்தின சாயங்காலம் பிறை தெரியவில்லை, பெருநாள் வெள்ளிக்கிழமைதான் என்று மார்க்கெட்டே பேசிக்கொண்டது. "நாளைக்குத்தானப்பா பெருநாளு? நாளைக்குக் கூப்பிடு."

"இல்லீங்ண்ணா, இங்க இன்னைக்கே…"

"நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் சொன்னது காதில் விழுந்தது. ஏறவில்லை என்று சொன்னால் பொய். நின்று யோசிக்கப் பொறுமையில்லை. அரைமணி கழித்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு, காந்தலில் அவள் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கே தாயும் மகளும் வந்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பச்சை கவுன், கண்ணில் சுருமா. நான் பெருமையாகச் சொன்னேன்: "நேத்தே கூப்பிட்டுட்டான். இன்னைக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

அவள் முகம் செத்துவிட்டது.

"நேத்துங்ளா? அப்ப அங்க நேத்தே பெருநாளுங்ண்ணா. லீவு நேத்தோட முடிஞ்சிருக்குமே. அவங்க ஒண்ணும் சொல்லலீங்ளா?"

"கூட்டத்துல சரியாக் கேக்கலம்மா" என்றேன். இந்தப் பொய்தான் என் பாவம்.

அவள் கிளம்பவில்லை. மாவு மூட்டைமேல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. நான் கர்த்தரிடம் ஒரு போன் கேட்டேன்.

பன்னிரண்டுக்கு அடித்தது. நான் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். தான் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை ஆசையையும் அடக்கிக்கொண்டு நேராகப் பிள்ளையின் காதில் வைத்தாள்.

"அத்தா, நல்லாருக்கீங்ளா? எப்ப வருவீங்க?"

அந்தப் பக்கம் ஒரு செருமல். பிறகு கரகரத்த குரல் கடைக்கே கேட்டது. "நல்லாருக்கேங் கண்ணு. சீக்கிரமா வந்தர்றேன், என்ன?"

அது மேட்டுப்பாளையம் மைதா வியாபாரி லிங்கசாமியின் குரல். என்னோடு வாரத்துக்கொரு சண்டை போடுகிற ஆள். யார் வீட்டுப் பிள்ளை, என்ன கதை என்று ஒன்றும் தெரியாது அவருக்கு. அந்தப் பிள்ளைக் குரலுக்கு இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"அத்தா வர்றாங்களாம்!" பிள்ளை துள்ளியது.

நஜ்முன்னிசா ரிசீவரை என்னிடம் நீட்டினாள். "உங்களுக்குத்தாங்ண்ணா." கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை முத்தமிட்டாள். அது வேறு ஆள் என்று பிள்ளையிடம் கடைசிவரை சொல்லவில்லை. பெருநாளும் அதுவுமாக எப்படிச் சொல்வாள்?

ஒரு மாதம் கழித்து அவன் கடிதம் வந்தது. வரிசையில் மூன்று மணி நேரம் நின்றானாம். அண்ணன் நாளைக்கு என்றார், நாளைக்கு எனக்கு வேலை, பரவாயில்லை என்று எழுதியிருந்தான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

மறு வருஷம் ஹபீப் வந்தான். முன்தலை நரைத்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியோடு நேரே என் கடைக்குத்தான் வந்தான். நஜ்முன்னிசா பிள்ளையோடு அங்கே காத்திருந்தாள். அவன் மண்டிபோட்டுக் கையை விரித்தான்.

"பரக்கத்து… அத்தா வந்துட்டேம்மா."

பிள்ளை தாயின் துப்பட்டிக்குள் ஒளிந்துகொண்டது. அவன் மறுபடி கூப்பிட்டான். அது தலையை ஆட்டியது.

"இவங்க இல்ல. அத்தா இப்படிப் பேச மாட்டாங்க."

"அத்தா எப்படிம்மா பேசுவாங்க?" என்று அவன் கேட்டான்.

பிள்ளை கல்லாப் பக்கம் கை நீட்டி என் டெலிபோனைக் காட்டியது.

ஹபீப் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அன்னைக்கு நான் பேசவே இல்லியேம்மா" என்றான்.

நஜ்முன்னிசா என்னைப் பார்த்தாள். அது யார் குரல், ஏன் அவன் குரல் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டும்.