ஒரே ஒருவர் தூங்கிய கூட்டம்

மைக் பேசும்போது தூங்கியவர் என்று இந்தப் பூவுலகில் எவரும் கிடையாது. மைக் என்பது மேடைப் பேச்சாளரான மூத்த மகனுக்கு வீட்டில் வைத்த பெயர். மேற்படி உண்மையை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. கைக்குழந்தைகள்கூட அழ மறந்து கேட்குமாம்.

அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நுரையீரல் இனித் தேறாது. மூச்சுத்திணறல் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. முந்தின நாள்தான் டாக்டர் மயக்க மருந்தைத் தொடங்கியிருந்தார். சரி என்று தலையாட்டியவள் தங்கை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, "குழாய் ஒழுகுறது நின்னுடுச்சுப்பா. வாஷர் மாத்தியாச்சு" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தூங்குறவர்கிட்ட வாஷர் கதையா? சுவத்துக்கிட்ட சொன்னாலாவது எதிரொலி வரும்."

"நல்லா சிரிச்சுக்கோண்ணே."

மைக் நர்ஸிடம் திரும்பினார். "சிஸ்டர், மருந்தைக் கொஞ்சம் குறைங்க. அஞ்சே நிமிஷம். நான் வந்துட்டேன்னு அப்பாவுக்குத் தெரியணும்."

"உன் பேச்சு எப்பண்ணே அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கு?"

நர்ஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு டாக்டரைக் கேட்கப் போனார்.

"கண்ணைத் தொறந்து ஒரு பார்வை பாக்கட்டும். அதுல என்ன இருக்கு?"

"கண்ணு மட்டும் தனியா முழிக்காதுண்ணே. திணறலும் கூடவே முழிக்கும். நேத்து தண்ணியில முங்குறவர் மாதிரி என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. 'தூங்க வைக்கச் சொல்லும்மா'ன்னு அவரேதான் கேட்டாரு. அப்படியிருந்தும் சரின்னு சொன்ன எனக்கு இன்னும் ஒரு வாய் இறங்கல. இப்ப எழுப்பினா உன் பேச்சைக் கேப்பாரா, காத்தைக் கேப்பாரா?"

எதிராளியை வாய் திறக்கவே விடாத மைக் குனிந்து அவள் கையைப் பார்த்தார். அவள் மணிக்கட்டில் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன.

டாக்டர் வந்தார். "மருந்தைக் குறைக்கணும்னு கேட்டீங்களாமே?"

"நானா? சும்மா விசாரிச்சேன் டாக்டர்" என்றார் மைக், கூசாமல். "தூங்கட்டும்."

தங்கையைக் கேன்டீனுக்கு விரட்டினார். அவள் போனதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவின் காதருகே குனிந்தார்.

"அப்பா, நான்தான். வந்துட்டேன். பஸ்ஸு லேட்டு. பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிட்டே வந்தேன். பாதி வழியிலயே தூங்கிட்டாருப்பா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."