பிரெஞ்சுக்காரர் மினாட்சி

விமான நிலைய வாசலில் ரோஜாப் பூங்கொத்தோடு நின்ற ஜெகதீஷ், முதலில் வெளியே வந்த வெள்ளைக்காரரிடம் அதை நீட்டிவிட்டான். அவர் யாரோ. சிரித்தபடி கையால் விலக்கிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் கசங்கிய சட்டையோடு வந்த கறுத்த, ஒடிசலான மனிதர், ஜெகதீஷ் பிடித்திருந்த அட்டையில் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார். புரூனோ மினாட்சி. பிரான்சிலிருந்து வருகிற இன்ஜினியர். மெயிலில் படித்தபோது இத்தாலிக்காரப் பெயர் போலிருக்கிறது என்று நினைத்திருந்தான். சாட்சாத் மதுரை மீனாட்சிதான் என்று தெரிந்ததும் பூங்கொத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. டிரைவர் தணிகாசலத்திடம் தந்து டிக்கியில் போடச் சொன்னான்.

"இன்னா சார், நம்மூரு ஆளாட்டம் கீறாரு?" என்றான் தணிகாசலம் மெதுவாக.

"வெள்ளைக்காரன் வருவான்னு பாத்தா நம்ம வடக்குப்பட்டு கலர்ல ஒண்ண அனுப்பி வெச்சிகீறானுங்க" என்றான் ஜெகதீஷ்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் சீட் தயாரிக்கும் அந்த பிரெஞ்சுக் கம்பெனியில், வெளிநாட்டு விருந்தினர்களைக் கவனித்துக்கொள்வது ஜெகதீஷின் வேலை. எந்தத் துரைக்கு எந்தத் தண்ணீர், யாருக்கு முட்டை எப்படி வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவர்களோடு எடுத்த போட்டோக்களை வீட்டு ஹாலில் மாட்டியிருந்தான். இந்த ஆளோடு போட்டோ எடுத்து மாட்டினால், எந்தச் சித்தப்பா என்று கேட்பார்கள்.

தமிழ் தெரியாத மினாட்சி காரில் தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார். குவாதலூப். கரீபியன் கடலில் ஒரு தீவு. ஆனால் அது பிரான்ஸ்தான் என்றார். பாரிஸில் இருக்கிறவர்களுக்கு உள்ள அதே ஓட்டு, அதே பாஸ்போர்ட், அதே யூரோ. அரசாங்கத்தின் பெரிய அதிகாரி பாரிஸிலிருந்துதான் வருவார். பிரான்சுக்குள்ளேயே இருக்கிற நீஸ் நகரத்தைவிடத் தங்கள் தீவு பிரான்சோடு சேர்ந்தது முந்தி என்று சொல்லிச் சிரித்தார். ஜெகதீஷ் சிரிக்கவில்லை. பெயர் எப்படி வந்தது என்று கேட்டான். அடிமைகளை விடுதலை செய்த பிறகு கரும்பு வெட்ட ஆளில்லாமல், காரைக்காலிலிருந்து கப்பலில் ஆட்களை ஏற்றிப் போனார்கள். ஐந்து வருஷக் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் முடிந்தும் பலர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளை பிரெஞ்சுக் குடிமக்கள் இல்லை என்றது அரசாங்கம். கப்பல் ஏறியவர்களில் பலர் இங்கிலாந்துக்காரன் ஆண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்பதால், நீங்கள் அவனுடைய ஆட்கள் என்றது. இங்கிலாந்துக்காரனும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அவர்களிலேயே ஒருவர் இருபது வருஷம் போல மல்லுக்கட்டித்தான் அவர்களுக்கு ஓட்டு வந்ததாம்.

இத்தனையில் ஜெகதீஷின் மண்டையில் தங்கியது ஒன்றுதான். கரும்பு வெட்டப் போன கூலியின் வாரிசு. அவன் வந்து நம் புது உற்பத்தி லைனைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்வதா? ஸ்ரீபெரும்புதூர் நட்சத்திர ஓட்டலில் போட்டிருந்த அறையைப் போனிலேயே ரத்து செய்து, படப்பையில் ஒரு பேக்கரி மாடியில் அறை பிடித்தான்.

மறுநாள் மதியம் கேன்டீனில் நடந்ததை அவன் தடுத்திருக்கலாம். கேன்டீனில் இரண்டு கூடம். ஸ்டாஃபுக்கு ஏசி, கண்ணாடிக் கதவு. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நீளமான தகர பெஞ்சு. மெஷின் உருளையில் மாட்டும் என்று பேட்ஜைக் கழற்றி லைனிலேயே வைத்துவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த கோட்டோடு மினாட்சி வந்தார். வாசலில் புதிதாகச் சேர்ந்த செக்யூரிட்டி ஐயனார் கையை நீட்டி மறித்தான். "அண்ணாச்சி, கான்ட்ராக்ட் ஆளுவள்லாம் அந்தப் பக்கம்."

கண்ணாடிக்கு உள்ளே ஜெகதீஷ் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தான். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மினாட்சி கண்ணாடி வழியே அவனைப் பார்த்தார். ஜெகதீஷ் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டான். அது அன்று தனி ருசியாக இருந்தது. மினாட்சி திரும்பி, தகர பெஞ்சுகளின் பக்கம் நடந்தார்.

சாயங்காலம் வரை புகார் வரும், வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. திட்டக்கூடத் துப்பில்லாத ஜென்மம் என்று இளக்காரம் இன்னும் கூடியது. ஆனால் மீட்டிங் முடிந்து எழுந்தபோது மினாட்சி ஒன்று சொன்னார். இனி தினமும் தொழிலாளர் கூடத்திலேயே சாப்பிடப்போகிறேன், அவர்கள் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல ஜெகதீஷ் வேண்டும். மேனேஜர் வரதராஜுலு பதறிப்போய்த் தலையாட்டினார்.

ஜெகதீஷ் தன் பேட்ஜைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் சம்பளமே ஒரு ஏஜென்சி வழியாகத்தான் வந்தது. பேட்ஜைத் திருப்பிப் பார்த்தால் அவனும் கான்ட்ராக்ட்தான். வரதராஜுலுவுக்கு வீட்டு வேலை வரைக்கும் செய்து கொடுத்துத்தான் ஏசிக் கூடத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான்.

மறுநாள் தகர பெஞ்சில் அவன் உட்கார்ந்ததுமே எதிரில் இருந்த மஹாலட்சுமி நிமிர்ந்தாள். அவன் தெருக்காரி. ஃபோம் லைனில் கான்ட்ராக்டாகவே காலம் தள்ளுகிறவள். நேற்று மினாட்சிக்கு இடம் கொடுத்தவளும் அவள்தான்.

"இன்னா ஜெகதீசு, இந்தப் பக்கம்? உன்னையும் தொரத்திட்டாங்களா?"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு ஓடியது. என்ன சொல்கிறாள் என்று மினாட்சி கேட்டார். உங்களை வரவேற்கிறாள் என்றான் ஜெகதீஷ்.

மினாட்சி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தை. நிதானமாகச் சாதத்தைக் குழைத்துக்கொண்டே சொன்னார். எங்கள் முன்னோர் வேலை பார்த்த கரும்புத் தோட்டத்திலும் முதலாளிக்கும் ஜனங்களுக்கும் நடுவே பேசுவதற்கென்று ஒருவன் இருந்தானாம். எங்களவன்தான். அவன் பெயரை மட்டும் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை எந்தக் குழந்தைக்கும் வைப்பதில்லை.

அவர் குரலில் கோபமே இல்லை. ஜெகதீஷ் குனிந்து தட்டைப் பார்த்தான். அப்போது பரிமாறுகிற பையன் சாம்பார் வாளியோடு அருகில் வந்து நின்றான். வழக்கமில்லாத முகம் என்பதால் கரண்டியைத் தட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "சார், நீங்க ஸ்டாஃபா, கான்ட்ராக்டா?" என்று கேட்டான். மஹாலட்சுமி சாப்பிடுவதை நிறுத்தினாள். கரண்டியின் விளிம்பிலிருந்து சாம்பார் சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.