பத்துப் பேர்

ஒரு சொட்டு மருந்தைக்கூட வீணாக்காதவள் என்று மூன்று வருடமாகத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தவள் நான். தடுப்பூசி போடும் நர்ஸ். தட்டம்மைக் குப்பி ஒன்றில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறக்கலாம் என்றுதான் விதி. நான்தான் திறக்க மாட்டேன்.

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற ஒருத்தி, ஊருக்குப் புதியவள், ஒரு புதன்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று தட்டம்மை ஊசிக்கு வேறு யாரும் வரவில்லை. “அடுத்த புதன் வாம்மா” என்றேன். மறுபடியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கும் அவள் மட்டும்தான்.

“இன்னைக்கும் இல்லையாக்கா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “பத்துப் பேரைக் கூட்டிட்டு வா, உடனே திறக்கிறேன்!”

“சரிக்கா” என்று போனவள், பிறகு வரவே இல்லை. பதிவேட்டில் ‘தவறியவர்’ என்று எழுதினேன். வந்து திரும்பிப் போனவர்களுக்கு அதில் கட்டம் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுப் பக்கத் தெருக்களில் தட்டம்மை பரவியது. தவறிய குழந்தைகளுக்கு வீடு தேடிப் போய் ஊசி போடச் சொன்னார்கள். குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவளை நாலு வாங்கு வாங்கிவிடுவது என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. புருஷனுக்கு வெளியூரில் வேலை. குடிவந்த ஆறு மாதத்தில் அந்த அறைக்கு வந்த முதல் ஆள் நான்தானாம். அவள் முகம் அப்படி மலர்ந்தது.

“வாங்கக்கா! நானே வரணும்னு இருந்தேன். இன்னும் மூணு பேருதான் குறையுது.”

ஒரு தாளை நீட்டினாள். அதில் ஆறு கதவு எண்கள், எதிரே குழந்தைகளின் வயது. அவள் மகளோடு சேர்த்து ஏழு.

“இங்க யாரையும் தெரியாதுக்கா. வேலை முடிஞ்சு வந்து ஒவ்வொரு கதவா தட்டினேன். ஏதோ விக்க வந்திருக்கேன்னு நினைச்சு நிறையப் பேரு திறக்கவே இல்ல.”

“பாப்பா எங்கம்மா?”

“தூங்குது. நாலு நாளா காய்ச்சல். நேத்துலேர்ந்து உடம்பெல்லாம் செவப்பா இருக்கு. வேர்க்குருவான்னு தெரியல, கேக்க ஆளில்ல.”

போர்வையை விலக்கினேன். காதோரம் கிளம்பிய தடிப்பு மார்பு வரை இறங்கியிருந்தது. குழந்தைக்கு மூச்சு இரைத்தது. இது என் வாய் செய்த வேலை.

குழந்தையை அள்ளித் தோளில் போட்டேன். “ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே வா.”

தடதடவென்று படியிறங்கினேன். அவள் என் குளிர்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அக்கா, பெட்டிய விட்டுட்டீங்களே! மருந்து வீணாப் போயிடுமே!”