ஒரே துண்டு இறக்கை

பம்பாய் மாட்டுங்காவில் நடைபாதைப் புத்தகக் கடையொன்றில் அந்தப் பழைய அமெரிக்கப் பத்திரிகையை வாங்கியபோது அனந்தகிருஷ்ணனுக்கு இருபத்தாறு வயது. கார் எஞ்சின் பொருத்தி, மரத்தால் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் 'பீட்டன்போல்' என்ற சிறு விமானத்தின் வரைபடம் அதில் இருந்தது. அவர் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அடி, அங்குலங்களை மில்லிமீட்டராக மாற்றி எல்லாவற்றையும் மறுபடி வரைந்தார். தாராவியில் மரப்பட்டறை வைத்திருந்த நண்பர் தனசீலன் தேவதாருவை இழைத்தார். செம்பூரில் அனந்தகிருஷ்ணன் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், இரண்டு வருடம் வேலை நடந்தது.

"எறக்கைய மூணு துண்டாப் பண்ணுவோம்வே. இல்லாட்டி கீழ எறக்க முடியாது" என்றார் தனசீலன்.

"படத்துல ஒரே துண்டுதான் போட்டிருக்கு. ஜாயின்ட் வெச்சா வெயிட் ஏறும்."

ஒன்பது மீட்டர் இறக்கை முடிந்தது. படிக்கட்டில் திரும்பவில்லை. அன்றைக்கு வாய்த்தகராறு முற்றி, தனசீலன் கோபித்துக்கொண்டு போனார். பிறகு துபாய்க்கும் போய்விட்டார். விமானத்தின் உடலை யாரும் தொடங்கவே இல்லை.

சென்ற மாதம் கட்டடத்தை இடிக்க நாள் குறித்தார்கள். தனசீலன் திரும்பி வந்து விக்ரோலியில் இருப்பது அனந்தகிருஷ்ணனுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாகப் போன் செய்தார்.

"நீ அன்னிக்குச் சொன்னதுதான் சரி, சீலா. வந்து மூணா அறுத்துக் குடுத்துடு."

தனசீலன் வந்தார். மொட்டைமாடியில் அத்தனை வருடமும் இறக்கையை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினார். சட்டங்களின் மேல் இழுத்து ஒட்டிய துணி மஞ்சளித்திருந்தது, கிழியவில்லை. ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தார்.

"ஒரு ஒட்டுகூட விடலியேவே. இத எப்படி அறுக்கது? கயிறு கொண்டாரச் சொல்லும்."

நான்கு முனையிலும் கயிறு கட்டி, ஆட்களோடு சேர்ந்து மெல்ல இறக்கினார்கள். இரண்டாம் மாடி உயரத்தில் கடற்காற்று சட்டென்று வீசியது. அனந்தகிருஷ்ணன் பிடித்திருந்த கயிறு தளர்ந்தது. கையில் கனமே இல்லை. எட்டிப் பார்த்தார். இறக்கை தானாக அந்தரத்தில் நின்றது.

"தூக்குதுவே! பாத்தீரா, தூக்குது!" கீழே நின்று வழி சொல்லிக்கொண்டிருந்த தனசீலன் கத்தினார்.

மூன்று நொடிதான். காற்று அடங்கியதும் கயிற்றில் கனம் திரும்பியது; இறக்கை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

இப்போது அது செம்பூரில் ஒரு சர்ச் ஹாலின் கூரையில் தொங்குகிறது. அதைப் பார்க்க வந்த தனசீலனின் மனைவி லூசியம்மாள் வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.

"இதுக்காவா ரெண்டு பேரும் இத்தன வருசம் பேசாமக் கெடந்திய?"

இருவரும் ஒரே சமயத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, ஒருவரை ஒருவர் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.