அணைக்குப் பின்னால் ஒரு குழாய்

ஊரில் பாதிப் பேருடைய வாய் அவனுக்கு அத்துப்படி. முகம் ஒன்றுகூடத் தெரியாது. பல் கட்டும் கூடத்தில் பன்னிரண்டு வருட வேலை. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகள் வரிசையாக மேஜைக்கு வரும். மெழுகில் பல் அமைத்து, தேய்த்து, மெருகேற்றி, பெட்டியில் வைத்து எண் எழுதி அனுப்பிவிடுவான். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு யார் சிரித்தார்கள், யார் சண்டை போட்டார்கள் என்று ஒரு தகவலும் திரும்பி வராது. கூடத்தில் எல்லோருக்கும் அவன் பல்லுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மின்சார மலைச் சைக்கிள். அதை வாங்கியபோது கடைக்காரர், தன்னிடம் அதே வண்டி வாங்கிய ஏழு பேரைச் சேர்த்துக் கைபேசியில் ஒரு குழு தொடங்கினார். முதல் இரண்டு மாதம் ஒரே கூத்து. மலை, ஓடை, சேற்றில் விழுந்த கதை என்று படம் படமாக வந்து குவிந்தது. பிறகு ஒருவருக்கு முழங்கால் அறுவை, ஒருவருக்குக் குழந்தை, ஒருவர் வண்டியையே விற்றுவிட்டார். பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறவன் அவன் ஒருவன்தான்.

எழுதுவதும் சும்மா இல்லை. பாதையை நான்கைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பேட்டரி எத்தனை சதவீதம் மிச்சம் என்று குறிப்பேட்டில் குறித்துவைத்து, பிறகு குழுவில் எழுதுவான். ‘ஏரிக்கரை, மூன்றாவது வளைவு: 61. பனி தண்ணீர் மேலேயே நிற்கிறது. மறுகரையில் ஆடுகள் மணிச்சத்தமாக மட்டும் தெரிந்தன.’ அனுப்பும் முன் மூன்று முறை படிப்பான். ஆடுகளைப் பற்றி யார் கேட்டார்கள் என்று அழிப்பான், மறுபடி சேர்ப்பான். அனுப்பிய மறு நிமிடம் கடைக்காரரிடமிருந்து ஒரு கட்டைவிரல் குறி வரும். அவர் படிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். மற்றவர்களிடமிருந்து, கிணற்றில் போட்ட கல்.

வேறு ஊரில் இருந்த அக்காவுக்கும் படங்களை அனுப்புவான். அவள் வாரம் ஒருமுறை கூப்பிட்டுப் பிடிபிடி என்று பிடிப்பாள்.

“ஏண்டா, கல்லும் மரமுமா அனுப்புறியே, அதுல ஒரு மனுஷ மூஞ்சியாவது இருக்கா?”

“நான்தான் படம் எடுக்கிறேன்க்கா. நான் எப்படி அதுல இருப்பேன்?”

“அதைத்தாண்டா நானும் கேக்குறேன்” என்பாள். அதற்கு மேல் இருவரும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. சன்னலோரம் சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் எழுதாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்த ‘ஒன்றும் ஆகாது’தான் அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. ஏன் எழுதவில்லை என்று ஒரு குருவிகூடக் கேட்காமல் போனால், அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு வண்டியை எடுப்பது?

வரைபடத்தைத் திறந்தான். அணைக்குப் பின்னால் மலை முகட்டைச் சுற்றி ஒரு பாதை இருந்தது. இதுவரை போகாதது. நாற்பத்தொரு கிலோமீட்டர். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டிக் கழித்து, வீடு திரும்பும்போது பேட்டரி மிச்சம் பதினெட்டு என்று எழுதினான். ‘மழை விட்டபின் கிளம்பினேன்’ என்று தொடங்கினான். பழைய படம் ஒன்றின் ஓரத்தை வெட்டிச் சேர்த்தான். எல்லாம் சேர்ந்தும் உயிரில்லாமல் இருந்தது. எனவே கடைசியாக ஒரு வரி: ‘முகட்டில் ஒரு குழாய் இருக்கிறது. தண்ணீர் பல்லைக் கூச வைக்கும் குளிர்ச்சி.’

கட்டைவிரல் வந்தது.

வியாழக்கிழமை மதியம், மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்றை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. குழுவில் முகத்துக்குப் பதிலாக மஞ்சள் மழைக்கோட்டுப் படம் வைத்திருந்த ஒருத்தி. இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை எழுதாதவள்.

“உங்க குறிப்பை வச்சுத்தான் இதுவரைக்கும் ஒம்பது தடவ போயிருக்கேன். ஒரு எண்கூடத் தப்பினதில்ல. சனிக்கிழமை எங்க அப்பாவையும் கூட்டிட்டு அணைக்குப் பின்னாடி போறேன். மேலதான் குழாய் இருக்கே, ஆளுக்கு ஒரு பாட்டில் போதும்ல?”

ஒன்பது தடவை! அவன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். தான் போன பாதையில், தான் எழுதிய எண்களைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி போயிருக்கிறாள். ஆடுகளைப் பற்றிக்கூடப் படித்திருப்பாள். அந்தச் சந்தோஷம் முழுதாக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. குழாய் நினைவுக்கு வந்தது.

பதில் போடவில்லை. நாளைக்குப் போய்ப் பார்த்துவிடுவோம். எண்கள் சரியாக இருந்தால் பொய் பொய்யாக இருக்காது, நாள்தான் முன்பின். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பல்வலி என்று விடுப்புக் கேட்டான்.

“பல்லுக்காரருக்கே பல்வலியா!” என்றார் அச்சில் ஜிப்சம் மாவு கரைத்து ஊற்றும் மாவுக்காரர். “வேணும்னா சொல்லுங்க, அச்சு எடுத்துடுறேன்.”

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினான். அணை வரை எல்லாம் ஒழுங்கு. அதன்பின் பைன் மரங்களுக்குள் பாதை புகுந்தது. ஈர மண்ணின் வாசனை, சக்கரத்தின் கீழே ஊசியிலைகள், கிளை இடுக்குகளில் வெயில் சில்லறையாக விழுந்துகொண்டிருந்தது. எழுதினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். உடனே வெட்கமாக இருந்தது.

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் மண் சரிந்து பாதை வெறும் கல்லாகக் கிடந்தது. வரைபடத்தில் கல் தெரியாது. எதிர்க்காற்று வேறு. வண்டி முக்கி முனகி ஏறியது. பேட்டரி கண்ணெதிரே கரைந்தது. இருபத்து மூன்றாவது கிலோமீட்டரில் விளக்கு இரண்டு முறை மின்னி அணைந்தது. இருபத்தைந்து கிலோ இரும்பை முகடு வரை மூன்று கிலோமீட்டர் தள்ளினான்.

முகட்டில் புல், காற்று, ஒரு கற்குவியல். குழாய் இருக்கலாமோ என்று மனதின் ஒரு மூலை இன்னும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் குவியலைச் சுற்றி வந்து பார்த்தான். கீழே அணை நீர் தகடு மாதிரி கிடந்தது. அதற்கப்பால் மலைக்குப் பின் மலை, நீலத்துக்குப் பின் நீலம். அவன் பார்த்ததிலேயே அழகான இடம் அதுதான். பக்கத்தில் ‘பாரேன்’ என்று சொல்ல ஆள் இல்லை.

பாட்டிலின் கடைசி மடக்கைக் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த மழைக்கோட்டுக்காரியின் அப்பாவுக்கு என்ன வயதிருக்கும்?

“குழாயில இப்போ தண்ணி வரல” என்று தட்டினான். அது போதும். மானம் காப்பாற்றப்படும், அவர்களும் நிறையத் தண்ணீரோடு வருவார்கள். வந்து, இதே கல்லில் பேட்டரி செத்து நிற்பார்கள். அழித்தான். மூன்று முறை படிக்காமல் எழுதினான்.

“போன ஞாயிறு நான் அங்க போகல. எழுதினது பொய். இன்னைக்குத்தான் வந்தேன். இருபத்தி மூணாவது கிலோமீட்டர்ல பேட்டரி காலி. மேல குழாய் கிடையாது. அப்பாவைக் கூட்டிட்டு வராதீங்க. மன்னிச்சிடுங்க.”

மறு நிமிடம் கடைக்காரரின் கட்டைவிரல். அவன் அந்தக் காற்றில் தனியாகச் சிரித்தான்.

அவளுடைய பதில் வந்தபோது அவன் இறங்கி, அடுத்த மேட்டில் தள்ளிக்கொண்டிருந்தான்.

“அப்ப மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் நிஜம்.”

“ஏரிப் பாதை?”

“நிஜம். மூணாவது வளைவுல 61.”

அதற்குமேல் எதுவும் வரவில்லை. அவனும் எதிர்பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்பார்த்தான்.

சனிக்கிழமை மாவுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “பல்லுல வலிச்சா கால் ஏங்க நொண்டுது?”

“வேர் ஆழமா போயிருக்கு” என்றான் அவன்.

ஐந்தரை மணிக்கு, மேஜையைத் துடைக்கும்போது செய்தி வந்தது. “மூணாவது வளைவுல 57. அப்பாவோட வண்டியில 52. அவர் மோட்டார் பட்டனை விடவே மாட்டேங்கிறார். ஆடு எதுவும் இல்ல.” படம் இல்லை, நன்றி இல்லை. வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டை எடுத்து, தன்னுடைய 61க்குப் பக்கத்தில் 57, 52 என்று எழுதினான். அந்தப் பக்கத்தில் வேறொருவருடைய எண்கள் ஏறுவது அதுவே முதல் முறை.

ஞாயிறு மறுபடி மழை. கால் இன்னும் வலித்தது. வெகுநேரம் கைபேசியைக் கையில் வைத்திருந்துவிட்டு எழுதினான்: “இன்னைக்குப் போகல.”

கட்டைவிரல் வந்தது. மழைக்கோட்டுக்காரி படித்துவிட்டாள் என்று குறி காட்டியது, ஒன்றும் எழுதவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவன் பயந்தது அப்படியே நடந்துவிட்டது.

பழைய துணி ஒன்றைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வண்டியின் சங்கிலியிலும் பற்சக்கரத்திலும் அணைப் பக்கத்து மண் காய்ந்து இறுகியிருந்தது. பல் பல்லாகத் துடைக்கத் தொடங்கினான்.