ராஜபாயின் கொடி

தோழர் ஞானாபரணம் கொடி இல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். செல்வதாஸால் அதைத் தாங்கவே முடியவில்லை.

இருவரும் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரே டெப்போ, ஒரே சங்கம், ஒரே கம்யூனிஸ்ட் கட்சி. கட்சிக்காரர் ஒருவர் கண்ணை மூடினால் தோழர்கள் வந்து உடல்மேல் செங்கொடி போர்த்தி, முஷ்டியை உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் போதகர் வந்து ஜெபம் செய்வார், பெட்டியை மூடுவார்கள். மயிலாடியில் இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. ஞானாபரணத்தின் மூத்த மகன் என்னடாவென்றால் தோழர்களை வாசலிலேயே மறித்துவிட்டான். "கொடியெல்லாம் இஞ்ச வேண்டாம். அப்பா கடைசி காலத்தில ஒழுங்கா சர்ச்சுக்குப் போய்க்கிட்டு இருந்தாவ" என்றான். படுபாவிப் பயல்! கிளைச் செயலாளர் ஜான்ரோஸ் கொடியை மடித்துத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டார். துட்டி வீட்டில் போய்ச் சண்டை போட முடியுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது செல்வதாஸ் இலையைத் தொடவில்லை. மனைவி ராஜபாய் கோழிக்குழம்பு ஊற்ற வந்தவள், கரண்டியோடு நின்றாள்.

"எனக்கு ஒரு காரியம் தெரியணும்" என்றார் அவர். "நான் செத்தா எனக்க மேல கொடி யாரு போடுவா?"

மகன் ஷிபுவுக்குப் புரையேறிவிட்டது. கத்தாரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, இப்போது நாகர்கோவிலில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். "சாப்பிடுக நேரத்தில பேசுக பேச்சாப்பா இது?"

"சாப்பிடுக நேரத்திலதானல எல்லாரும் ஒண்ணா இருக்கிய. சொல்லு. ஞானாபரணத்துக்க மவன மாதிரி நீயும் வாசல்ல நின்னு மறிப்பியா?"

"மறிக்க மாட்டேன். ஆனா எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. உள்ளதச் சொல்லுகேன். கத்தார்ல இருந்த வருசமெல்லாம் எனக்கு ஓட்டே கெடையாது. ஒண்ணும் கெட்டுப் போவல்ல. இஞ்ச வந்தபொறவு ஆளப் பாத்துதான் போடுகேன். ரோடு போட்டுத் தாறானா, ஃபோன் எடுக்கானா, அவ்வளவுதான். கச்சியப் பாக்கல்ல."

"ஓஹோ. அப்பம் நம்ம கச்சிக்கு?"

"ஒருக்கா போட்டேன். அந்த ஆளு ஃபோன் எடுத்தாரு."

ஒருக்காவாம்! செல்வதாஸ் மருமகள் பக்கம் திரும்பினார். ஜினிஷா மார்த்தாண்டத்துப் பெண், அதிகம் பேச மாட்டாள். "மாமா, நான் யாருக்குன்னு இவியளுட்டயே சொன்னதில்ல" என்று புருஷனைக் காட்டினாள். "சொல்லவும் மாட்டேன். அதுக்குத்தான பூத்துல அட்டை வச்சு மறைச்சிருக்கு." சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டாள்.

"எதுக்குப்பா இந்தக் கொடி மேல இத்தன பிடிவாதம்?" என்று ஷிபு கேட்டான். கேலிக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

செல்வதாஸ் சோற்றைப் பார்த்தபடியே சொன்னார். "நீ பெறக்கதுக்கு முந்தி, அஞ்சுகிராமம் வண்டில ஒரு செக்கர் ஏறினாரு. ஒரு கெழவி டிக்கெட்டத் தொலைச்சிட்டா. நான் டிக்கெட் குடுக்காம பைசா வாங்கினேன்னு எழுதிட்டாரு. நான் களவாணியாம். சஸ்பெண்ட். சர்ச்சுல எனக்க பக்கத்தில உக்காருகவன் கூட தள்ளி உக்காந்தான் மக்கா. அப்பம் எனக்கு இந்தக் கச்சியும் தெரியாது, கொடியும் தெரியாது. ஞானாபரணம்தான் அந்தக் கெழவிய ஊர் ஊரா தேடிப் பிடிச்சு ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தாரு. டிக்கெட்டு அவளுக்க வெத்தலப் பையில இருந்துது. 'தோழர், தலைய நிமித்தி நடயும்'னு சொன்னாரு. அன்னைக்கு நிமித்தின தலைதான். அதனாலதான் சொல்லுகேன். போவும்போ அந்தக் கொடியோடதான் போவணும்."

ராஜபாய் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் போடுகேன்" என்றாள். "எனக்க கையாலயே போடுகேன். எந்தப் பய மறிக்கான்னு பாப்போம்."

செல்வதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா என்கிற மாதிரி மகனைப் பார்த்தார். கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் இந்த வீட்டில் அவருக்கு ஒரு உறுதியான ஓட்டு உண்டென்றால் அது ராஜபாயின் ஓட்டுதான். ஒவ்வொரு தேர்தலிலும் கிளைக் கூட்டத்தில் எழுந்து, "எங்க வீட்டைப் பத்திக் கவலை வேண்டாம் தோழர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அவள். "நான் முந்திப் போனா எனக்க கொடிய நீங்க போடணும்."

"ஒனக்கு இல்லாமலா? ஜான்ரோஸ்ட்ட சொன்னா..."

"அது ஒங்க கொடி. எனக்கு கை."

"என்னது?"

"கை. காங்கிரசு."

செல்வதாஸ் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ஏட்டி, எப்பம் இருந்து?"

"ஓட்டு வந்த நாள்ல இருந்து."

"நான் ஓட்டுச் சிலிப்பு எழுதித் தந்தப்ப எல்லாம் தலைய ஆட்டினியே!"

"சிலிப்புல நம்பரு சரியா இருந்துது. அதுக்குத் தலையாட்டினேன்."

ஷிபு தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான். செல்வதாஸுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. "நாராயணபெருமாளுக்க கச்சியா! ஒங்க அப்பன் காங்கிரசுன்னா நீயும் அதுக்கே குத்திக்கிட்டு இருப்பியா?"

நாராயணபெருமாள் யாரென்று சொல்ல வேண்டும். எதிர்த்தெருக்காரர். தோவாளைச் சந்தையில் பூக்கடை. அய்யாவழிக் குடும்பம், நெற்றியில் நாமம், தோளில் கதர்த்துண்டு. டீக்கடையில் இவரும் அவரும் போட்ட சண்டையில் ஆறிப்போன டீயை ஊற்றி வைத்திருந்தால் ஒரு குளமே நிறைந்திருக்கும்.

"அப்பாவுக்காக இல்ல" என்றாள் ராஜபாய் நிதானமாக. "எங்க அப்பா செத்து எத்தன காலம் ஆச்சு. நானே பாத்துதான் போடுகேன். ஒங்க கச்சியில ஒருத்தன் மாறிப் பேசினா அவன வெளிய தள்ளிடுவிய. சகாயத்த தள்ளினிய, அவன் பொண்டாட்டி இஞ்ச வந்து அழுதா, நான்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். எங்க கச்சியில எல்லாவனும் மாறி மாறித்தான் பேசுவான். நாலு கோஷ்டி, நாலு போஸ்டரு. ஆனா ஒருத்தனும் வெளிய போவ மாட்டான். சண்டை போட்டுக்கிட்டே ஒரே பந்தியில இருப்பான். குடும்பம்னா அப்பிடித்தான் இருக்கும். நாடும் அப்பிடி இருந்தாத்தான் எல்லாருக்கும் எடம் கிட்டும். எனக்கு அது பிடிச்சிருக்கு."

"அதுக்குப் பேரு கொள்கையா?"

"எனக்கு அதான் கொள்கை. பொறவு, கடைசி எம்.பி. எலக்‌ஷன்ல நீங்களும் கைக்குத்தான குத்தினிய? ஒங்க கச்சியே சொல்லிச்சுல்லா?"

"கூட்டணி வேற, கொள்கை வேற!" செல்வதாஸ் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சிற்பக்கூடத்தில் உளிச் சத்தம் ஒரு நொடி நின்றது.

"சரி. ஆனா பட்டன் ஒண்ணுதான" என்றாள் ராஜபாய். "கோழி ஆறுது. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். கோபம் கோபம்தான், கோழி கோழிதானே. ஆனால் அன்றிலிருந்து பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட ஜினிஷாவிடம் கேட்டார். கொள்கையில் தோற்றதைவிட, கிளைக் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது அத்தனையும் பொய்யாகிப் போனதே, அதுதான் அவரைப் போட்டு அரித்தது.

ஒரு சாயங்காலம் முற்றத்தில் நல்லமிளகு காயப்போட்டதை அவள் வாரிக்கொண்டிருந்தாள். செல்வதாஸ் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டுக் கேட்டார். "இத்தன காலமும் ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே" என்றாள் அவள். "சொல்லிக்கிட்டே இருந்திய. ஒருக்காவாவது 'ஏட்டி, ஒனக்கு எது பிடிக்கும்'னு கேட்டியளா?"

கேட்டிருந்தால்தானே! செல்வதாஸ் யோசித்து யோசித்துப் பார்த்தார். மீனில் எது பிடிக்கும், சேலையில் எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் எங்கே போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டே காலம் தள்ளிய மனுஷன் அவர்.

"சரி" என்றார். "ஒனக்க கொடிய நானே போடுகேன். ஆனா இப்பம் யாருட்டயும் மூச்சு விடாத. ஜான்ரோஸ் கேட்டா எனக்க மானம் போவும்."

"நான் போனபொறவு போவட்டும்" என்று சிரித்தாள் ராஜபாய்.

இரண்டு பேருமே அவர்தான் முந்திப் போவார் என்று நினைத்திருந்தார்கள். அவருக்குத்தானே சுகர், அவருக்குத்தானே நெஞ்சில் ஸ்டென்ட். அவளுக்கு ஒரு தலைவலி வந்து யாரும் பார்த்ததில்லை. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவள் கிணற்றடியில் உட்கார்ந்தாள். நாகர்கோவிலுக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஐயோ, அந்த வீட்டை என்னவென்று சொல்ல!

மத்தியானத்துக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ராஜபாயை வெள்ளைச் சேலை உடுத்திப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். செல்வதாஸ் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அப்போது ஜான்ரோஸும் தோழர்களும் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஜான்ரோஸின் இரண்டு கையிலும் மடித்த செங்கொடி.

"தோழர்" என்றார் ஜான்ரோஸ் தழுதழுத்து. "கட்சி உறுப்பினருக்குத்தான் போடுகது. ஆனா அம்மா கையால சாப்பிடாதவன் நம்ம கிளையில யாரு உண்டு? கமிட்டில பேசித் தீர்மானிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்."

எவ்வளவு பெரிய மரியாதை! வேறு எந்தத் தோழர் வீட்டுப் பெண்ணுக்கும் இது கிடைத்ததில்லை. சும்மா இருந்தால் போதும், கொடி விரிந்துவிடும். அவருடைய தலை நிமிர்ந்தபடியே இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் ஷிபுவும் ஜினிஷாவும்தான். அவர்கள் வாயைத் திறக்கப் போவதில்லை. ராஜபாயும் இனி எதுவும் கேட்கப் போவதில்லை.

அவள் முகத்தைப் பார்த்தார். நீங்க கேக்கல்லியே என்று அவள் சொன்னது காதுக்குள்ளேயே கேட்டது.

"நில்லும் தோழர்" என்று எழுந்தார். "அவ நம்ம கட்சி இல்ல."

ஜான்ரோஸுக்குப் புரியவில்லை. "தோழர்?"

"காங்கிரசு. ஓட்டு வந்த நாள்ல இருந்து. கூட்டத்தில நான் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாம சொன்னது. அவளுக்கு அவளுக்க கொடிதான் வேணும்னு எனக்கிட்ட சொல்லியிருந்தா. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

முற்றத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வதாஸ் யாரையும் பார்க்காமல் வாசல் பந்தலுக்கு நடந்தார். அங்கே நாராயணபெருமாள் கதர்த்துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வே, ஒம்ம வீட்டில கொடி இருக்கா?"

"எந்தக் கொடி?"

"ஒம்ம கொடிதான். அவளுக்கு வேணும்."

நாராயணபெருமாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்ன புரிந்ததோ, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விறுவிறுவென்று தெருவைக் கடந்து போய், தேய்த்து மடித்த கொடியோடு திரும்பி வந்தார். பூக்கூடைகளுக்கு நடுவே வைத்திருந்திருப்பார் போல, பிச்சிப்பூ மணத்தது.

"நீரே போடும்" என்று நீட்டினார்.

செல்வதாஸ் வாங்கினார். செங்கொடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு விரிப்பார். இதை அவர் கையால் தொட்டதே இல்லை. விரித்து அவள்மேல் போர்த்தினார். நாராயணபெருமாள் குனிந்து காதோரம், "வே, பச்சை தலைமாட்டுக்கு வந்துட்டு. காவிதான் மேல வரணும்" என்றார். செல்வதாஸ் எடுத்து, அத்தனை தோழர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, திருப்பிப் போட்டார். சுருக்கத்தை நீவி விட்டார். நடுவில் இருந்த கைச் சின்னம் அவள் நெஞ்சுமேல் சரியாக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்.

ஜான்ரோஸ் கையிலிருந்த செங்கொடியைப் பைக்குள் வைக்கப் போனார். ஜினிஷா பக்கத்தில் வந்து நின்றாள். "அத இஞ்ச தாருங்க அண்ணா. மாமாவுக்கு வேணும்லா? அத்தை போடுகேன்னு சொல்லியிருந்தாவ. இனி நான்தான் போடணும்." வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய கட்சி எதுவென்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

செல்வதாஸ் அதைக் கேட்டார். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே பெட்டியின் முன்னால் நேராக நின்றார். கொடி போர்த்தினால் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். காங்கிரசுக்காரர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வலது முஷ்டியை மடக்கி உயர்த்தினார்.

ஜான்ரோஸ் ஒரு கணம் விழித்தார். அப்புறம் அவரும் உயர்த்தினார். பின்னாலேயே தோழர்கள் எல்லோருடைய முஷ்டியும் எழுந்தது. நாராயணபெருமாள் சுற்றிலும் பார்த்தார், கதர்த்துண்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், அவரும் வலது கையை மடக்கி உயர்த்தினார்.

போதகர் அவர்கள் கையை இறக்கும்வரை காத்து நின்றார். பிறகு வேதப்புத்தகத்தைத் திறந்தார்.