நாலாவது பேரு

டெலானிபூர் குவார்ட்டர்ஸில் சிவஞானத்துக்கு முதுகுக்குப் பின்னால் 'ஜெனரல் சாப்' என்று பெயர். ஹேடோ துறைமுகத்து ஸ்டோர்ஸில் தலைமை குமாஸ்தா. வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தவர் அல்ல. ஆனால் ராணுவத்தைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டு அவரிடமிருந்து தப்பித்துப் போனவர் யாரும் கிடையாது. சீனாக்காரன் வந்தபோது டில்லியில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் பனிமலையில் நின்ற சிப்பாயைக் காவு கொடுத்தார்கள் என்பது அவர் கட்சி. சண்டை வந்துவிட்டால் குடிமகன் கேள்வி கேட்கக் கூடாது, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "தப்பு பண்ணாதவனுக்கு மிலிட்டரிகிட்ட என்ன பயம்?" என்று முடிப்பார்.

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. மெயின்லேண்டை விட பர்மா கிட்டே இருக்கிற தீவு. நாலு பக்கமும் கடல், அதற்குள் எவன் வந்து கிடக்கிறான் என்று யார் கண்டது? போதாததற்கு அவருடைய ஒரே மகன் ராமகிருஷ்ணன் கடற்படையில் இருந்தான். பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பில் அவன் படம். கற்பூரத்தை அவர் இரண்டுக்கும் காட்டுவார். சாமியோடு மனுஷனைச் சேர்க்காதீங்க என்று அவர் மனைவி சுசீலா முணுமுணுப்பாள், ஆனால் இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அந்த எழுபத்தொன்றாம் வருஷம் நவம்பரில் மகனிடமிருந்து ஒரு மாதமாகக் கடுதாசி இல்லை. சுசீலா சாப்பாட்டைக் குறைத்தாள், பிறகு பேச்சைக் குறைத்தாள். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் சிவஞானம், செய்யவே கூடாத ஒன்றைச் செய்தார். ஆபீஸில் காய்கறி அனுப்பச் சொல்லி வந்த தாளில் மகனுடைய கப்பலின் பெயரைப் பார்த்திருந்தார். அது எங்கே நிற்கிறது என்பதும் அதில் இருந்தது. "அவன் பக்கத்துலதான் இருக்கான். வடக்கே" என்று ஆரம்பித்தவர் குடாவின் பெயரையும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் இரண்டு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிட்டாள். அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

கார்த்திகைக்கு மறுநாள் சாயங்காலம் சண்டை மூண்டுவிட்டது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்கு குழி வெட்டினார்கள். ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் ஒரு விளக்கு கிடையாது. கடலில் மீன் துள்ளினாலும் நீர்மூழ்கி என்று ஜனங்கள் குலைநடுங்கினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் துறைமுகத்துக்குப் பின்னால் புதிதாகப் போட்டிருந்த தகரக் கொட்டகைக்கு சிவஞானத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே ஒரு பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். வடக்கத்திக்காரர், கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூங்கி எத்தனை நாளோ. மேஜைமேல் ஒரு பிஸ்கட் டின். வடக்கே போகிற படகில் ஏற்றுவதற்காக யாரோ வைத்துவிட்டுப் போனது, படகுகளை நிறுத்திவிட்டதால் சரக்குக் கொட்டகையிலேயே கிடந்திருக்கிறது. இதில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

தீவில் படகில் சாமான் அனுப்புகிறவர்கள், மாறிப்போகாமல் இருக்க டின்மேல் பெரிசாகப் பெயிண்டில் பெயர் எழுதுவது வழக்கம். இதிலும் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. 'கண்ணு ராமுவுக்கு' என்று ஆரம்பித்து, கீழே கப்பலின் பெயர், அதற்கும் கீழே குடாவின் பெயர். 'மு'வின் வாலைத் தேவைக்கு மேல் இழுத்து வளைக்கிற அந்தக் கையெழுத்தோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அவர். டின்னுக்குள்ளே கார்த்திகைப் பொரி உருண்டை. ஒளித்து வைத்த காகிதம் ஏதாவது இருக்குமோ என்று ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்திருந்தார்கள்.

சிவஞானம் படித்து இந்தியில் சொன்னார். கப்பல் பெயரைக் கேட்டதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த ராமு யார்?"

"தெரியாது, சாப்."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே புரியவில்லை. அதிகாரி டின்னைக் கவிழ்த்து அடியைக் காட்டினார். சிவப்பில் எஸ்.டி. என்று இருந்தது. பஜாரில் சேக் தாவூத் கடை அடையாளம். அவனை விடிகாலையிலேயே கொண்டுவந்துவிட்டோம், டின்னை யாருக்கு விற்றாய் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்றார் அதிகாரி. ஒரு ஃபைலைத் தட்டி, நீங்கள்தான் போன மாதமே எழுதியிருந்தீர்களே, எல்லாரும் உங்களைப்போல இருந்தால் தேசத்துக்குக் கவலையில்லை என்று கைகுலுக்கி அனுப்பினார்.

எழுதியிருந்தார்தான். தாவூத் கடை ரேடியோவில் வெளிநாட்டு ஸ்டேஷன் பாடுகிறது, ரங்கூனிலிருந்து அண்ணன் கடுதாசி போடுகிறான், கவனிக்கவும் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம். தாவூத்மேல் அவருக்குக் கோபதாபம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கடையில்தான் மளிகை. கடமை என்று நினைத்து எழுதினார்.

வீட்டுக்கு வந்தவர் சுசீலாவைத் திட்டக்கூட இல்லை. டின் போய்ச் சேர்ந்திருக்குமா என்று அவள் கேட்டபோது விஷயத்தைச் சொன்னார். அவள் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒத்துக்கொண்டால் இடத்தைச் சொன்னது அவன்தான் என்று ராமகிருஷ்ணனைக் கப்பலிலிருந்து இறக்கி விசாரிப்பார்கள், சண்டைக்கு நடுவில் உடுப்பைக் கழற்றிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் தாவூத். ராணுவம் விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்துவிடும், நாமாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தை, இன்றைக்கு அவருக்கே ஒட்டவில்லை.

மத்தியானம் தாவூதின் மனைவி ஜன்னத் பீவி வந்தாள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"அண்ணே, எங்க வாப்பாவ ஜப்பான்காரன் இப்படித்தான் கூட்டிட்டுப் போனான். ஜாசூஸ்னு, வேவு பாக்குறவன்னு சொன்னான். எனக்கு அப்ப ஆறு வயசு. சட்டைகூடத் திரும்பி வரல." முக்காட்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "இது நம்ம பட்டாளம்தானேண்ணே? தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்னு நீங்கதானே சொல்லுவீங்க. அவுகளும் காலையில அதத்தான் சொல்லிட்டுப் போனாக."

டின் வாங்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கடையில் டின்னைத் துடைத்து சுசீலா கையில் கொடுத்ததே அவள்தான். ஆனாலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவர் சட்டையை மாட்டினார். சுசீலா கையைப் பிடித்தாள், "நானும் வர்றேங்க. எழுதுனது நானு." நீ எழுதவில்லை, எழுதியது நான், யார் கேட்டாலும் அதுதான் பதில் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மலையிறக்கத்தில் இரண்டு தரம் திரும்பிப் போய்விடலாம் என்று நின்றார். ஆனாலும் நடந்துவிட்டார்.

கொட்டகையில் நின்றபடியே சொன்னார். டின் என்னுடையது, ராமு என் மகன், இடத்தை ஆபீஸ் தாளில் பார்த்தேன், எழுதியது நான். அதிகாரி பேனாவை எடுத்தார். காலையில் இருந்த மரியாதை அந்த முகத்தில் ஒரு பொட்டு இல்லை. மகனின் பெயர், நம்பர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். தாவூதை வெளியே அனுப்பச் சொன்னார். கூப்பிடுகிறவரை வராந்தா பெஞ்சில் உட்கார் என்று சிவஞானத்திடம் ஒருமையில் சொன்னார்.

தாவூத் வெளியே வந்தார். உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதைச் சிவஞானம் தன் கண்ணாலேயே பார்த்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் பொய் என்று சண்டைக்குப் போயிருப்பார்.

"தாவூத், உன்மேல புகார் எழுதுனது..."

"தெரியும்ணே. காலையிலயே மேஜைமேல போட்டாங்க." தாவூத் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். "இங்கிலீஷ் எனக்கு எங்க தெரியும்? ஆனா கையெழுத்து தெரியாதா? மாசாமாசம் மளிகைச் சீட்டுலயும் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுற ஆளு இந்தத் தீவுலயே நீங்க ஒருத்தர்தான்."

"தெரிஞ்சுமா எங்க வீட்டுப் பேரச் சொல்லல?"

தாவூத் வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஜப்பான்காரன் காலத்துல முதல்ல ஒருத்தன் ஒரு பேரு சொன்னான். அவன அடிச்சாங்க, அவன் இன்னொரு பேரு சொன்னான். எங்க மாமனாரு நாலாவது பேரு. அவரு அஞ்சாவது பேரு சொன்னாரா இல்லையான்னு இன்னிவரைக்கும் எங்க வீட்டுல யாரும் கேட்டதில்ல." கிளம்பியவர் நின்றார். "பொழுது சாயப் போகுது. வீட்டுல அக்கா தனியா இருப்பாங்க. ஜன்னத்த அனுப்பி வைக்கிறேன்."

அவர் போன பிறகு சிவஞானம் பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே சிப்பாய்கள் துறைமுகத்து விளக்குகளுக்குக் கறுப்புத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் ராமகிருஷ்ணன் வயசுப் பையன்கள். அவர்கள்மேல் இப்போதும் அவருக்குப் பாசம்தான். அந்தப் பாசம் இருக்கும்போதே அவர்களைப் பார்த்துப் பயமாகவும் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். இந்தமுறை நாற்காலி காட்டவில்லை. அதிகாரி புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

"கப்பல் நிற்கிற இடம் உன்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? வீட்டில்? ஆபீஸில்? ஒவ்வொரு பேராகச் சொல்."

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர். வாசலில் நின்ற சிப்பாய் கதவைச் சாத்தினான்.

"வேற யாருக்கும் தெரியாது, சாப். நான் ஒருத்தன்தான்."

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு, சிப்பாயைப் பார்த்துத் தலையசைத்தார்.